பவுல் நடந்த கிரேக்கம்: பயணிகள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

அப்போஸ்தலர் பவுல் நற்செய்தி சொல்லிச் சென்ற வேதாகம ஊர்களைப் பார்க்கக் கிரேக்கத்துக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, விமானம் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கையிலுள்ள பட்டியலில் எபேசு இருக்கும், கொலோசே இருக்கும், சிமிர்னாவும் இருக்கும். இவை எதுவுமே கிரேக்கத்தில் இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் ஏழு சபைகளும் இன்றைய துருக்கியில்தான் இருக்கின்றன.

சாமோஸ் தீவிலிருந்து படகேறினால் எதிர்க்கரையில் குஷாதாசி. அங்கிருந்து எபேசு பக்கம்தான். ‘காலையில் போய்விட்டு மாலையில் திரும்பிவிடலாம்’ என்று திட்டம் போடுவார்கள். கிரேக்கம் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, அதுவும் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு இப்படிப் போனால், போகலாம், திரும்ப முடியாது. கிரேக்க மண்ணைவிட்டு வெளியேறிய அந்த நிமிடமே விசாவின் கதை முடிந்துவிடும். துருக்கியையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால், பலமுறை நுழையும் விசாவை விண்ணப்பத்திலேயே கேட்டுவிட வேண்டும். துருக்கிக்குத் தனி விசாவும் வேண்டும்.

ஊர்ப் பெயர்களும் படுத்தும். நம் வேதாகமத்தில் நெயாப்போலி என்றிருப்பது இன்றைய கவாலா துறைமுகம். வரைபடத்தில் நெயாப்போலி என்று தேடினால், வேறெங்கோ இருக்கும் நெயாப்போலிகள் வந்து நிற்கும். தெசலோனிக்கியின் புறநகர் ஒன்றுக்கே அந்தப் பெயர் உண்டு. பெரோயா இன்று வேரியா. பத்மு என்பது பட்மோஸ். கெங்கிரேயாவைக் கெக்ரியெஸ் என்று கேட்டால்தான் உள்ளூர்க்காரருக்குப் புரியும். (சின்னப்பர் என்ற பெயரோடு வளர்ந்த கத்தோலிக்க வாசகர்கள் கட்டுரை முழுவதும் பவுல் என்று வருவதைப் பொறுத்துக்கொள்ளவும்.)

அடுத்த தவறு, ஏதென்ஸில் அறை எடுத்துக்கொண்டு அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பது. ஏதென்ஸுக்கும் தெசலோனிக்கிக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர், அதாவது சென்னையிலிருந்து கோயம்புத்தூர். பிலிப்பி அதற்கும் அப்பால் 160 கிலோமீட்டர். வடக்குக்குத் தெசலோனிக்கியில் மூன்று இரவு, தெற்குக்கு ஏதென்ஸில் மூன்று இரவு என்று பிரித்துக்கொண்டால் உடம்பு தாங்கும். வேரியா தெசலோனிக்கியிலிருந்து 75 கிலோமீட்டர்தான்.

இனி, என்னை அதிகம் உறுத்துகிற தவறுக்கு வருகிறேன். ‘இங்கேதான்’ என்ற சொல்லை அப்படியே நம்பிவிடுவது. பிலிப்பியில் பவுலும் அவர் தோழர் சீலாவும் அடைக்கப்பட்ட சிறை என்று ஓர் இருட்டறையைக் காட்டுவார்கள். பயணிகள் குழு ஒவ்வொன்றும் அங்கே நின்று பாட்டுப் பாடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பிவிடும். அந்த அறை முதலில் ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி. அதைச் சிறையென்று நம்பி வழிபாட்டிடமாக ஆக்கியவர்கள் பின்னால் வந்த கிறிஸ்தவர்கள். அவர்களுடைய பக்தியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தொட்டிக்கு முன்னால் அரைமணி நேரம் நிற்பவர்கள், அதே வளாகத்தில் இருக்கும் எண்கோண ஆலயத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே கூரைக்கடியில் பதிகல் (மொசைக்) சித்திரத்தளம் ஒன்று இருக்கிறது. பொர்பிரியோஸ் என்ற ஆயர் பவுலின் ஆலயத்துக்கு இந்தத் தளத்தை அமைத்தார் என்று, சிறு சிறு கற்களால் கோத்த கிரேக்க எழுத்துகள் சொல்கின்றன. காலம் 4ஆம் நூற்றாண்டின் முற்பாதி. பவுல் இந்த ஊருக்கு வந்து முந்நூறு ஆண்டு ஆவதற்குள் அவர் பெயரில் இங்கே ஓர் ஆலயம் இருந்தது என்பதற்கு, கல்லிலேயே இருக்கும் சாட்சி அது.

இரத்தாம்பரம் விற்ற லீதியாள் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லப்படும் ஆற்றங்கரை, இடிபாடுகளுக்கு வெளியே சற்றுத் தள்ளி இருக்கிறது. அங்குள்ள அழகான ஆலயம் 1970களில் கட்டியது. வேரியாவில் பவுல் நின்று பேசிய மேடை என்று பளபளக்கும் பதிகல் சித்திரங்களோடு இருப்பதும் நவீன நினைவுச்சின்னம்தான். இரண்டையும் பார்க்கலாம். பழமை என்று எண்ணிக்கொண்டு பார்க்காமல் இருந்தால் போதும்.

தெசலோனிக்கியில் இதே குழப்பம் வேறு வடிவில் வரும். ரொட்டுண்டா என்ற பிரம்மாண்டமான வட்டக் கட்டடத்தையும் பக்கத்து வளைவையும் பார்த்து, ‘பவுலும் இதைப் பார்த்திருப்பார்’ என்று வியப்பார்கள். இரண்டும் கலேரியஸ் பேரரசர் காலத்தவை. பவுலுக்கு இரண்டரை நூற்றாண்டு பிந்தியவை. ரோமானியச் சந்தைவெளியில் இன்று காணும் கட்டடங்களும் பவுலுக்கு நூறாண்டுக்கு மேல் இளையவை. பவுல் காலத்து நகரம் இன்றைய தெருக்களுக்கு அடியில் கிடக்கிறது. அந்த ஊர் அதிகாரிகளை ‘பொலிதார்க்’ என்று அப்போஸ்தலர் நடபடிகளின் கிரேக்க மூலம் குறிப்பிடுகிறது. வேறு கிரேக்க நூல்களில் இந்தச் சொல் இல்லாததால் ஒரு காலத்தில் அறிஞர்கள் சந்தேகப்பட்டார்கள். பிறகு கல்வெட்டுகளில் அதே சொல் அகப்பட்டது. அவற்றில் பெயர்பெற்றது 1876இல் இடிக்கப்பட்ட வர்தார் வாசலில் இருந்த கல்வெட்டு. அதைத் தெசலோனிக்கியில் தேடி அலையாதீர்கள். அது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பட்மோஸ் தீவுக்கு விமான நிலையம் கிடையாது. ஏதென்ஸ் அருகே உள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் எட்டு மணி நேரம் பிடிக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடகாற்று எழுந்தால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். ஆகவே தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே ஊருக்கு விமானம் பதிவு செய்வது சூதாட்டம். வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் தரிசனத்தை யோவான் கண்டதாக நம்பப்படும் குகை இன்றும் வழிபாடு நடக்கும் இடம். உள்ளே பேச்சும் படமெடுப்பதும் கூடாது.

சில்லறைத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத் திருச்சபையின் ஈஸ்டர் பெரும்பாலான ஆண்டுகளில் நம்முடையதிலிருந்து வேறு தேதியில் வரும். 2026இல் நமக்கு ஏப்ரல் 5, அவர்களுக்கு 12. தொல்லியல் தலங்கள் மூடப்படுவது அவர்களுடைய ஈஸ்டருக்குத்தான். மடங்களுக்குள் அரைக்கால் சட்டையோடு விடமாட்டார்கள். இடிபாடுகளுக்கிடையே கிடக்கும் பானையோட்டை ‘சபைக்குக் காட்டலாமே’ என்று பையில் போட்டுக்கொள்வது அங்கே சட்டப்படி குற்றம். விரல் நகமளவு ஓடானாலும் அப்படித்தான்.

ஏதென்ஸில் அக்ரோபோலிஸுக்கு நேரம் குறித்த டிக்கெட் வாங்க வேண்டும். கடும் வெயில் நாள்களில் நண்பகலில் அதை மூடிவிடுவதும் உண்டு. நம் வேதாகமம் மார்ஸ் மேடை என்று சொல்லும் அரியோபாகு அதற்குக் கீழேயே இருக்கிறது. டிக்கெட் கிடையாது. தோல் செருப்போடு அங்கே ஏறியது நான் செய்த தவறு. கோடிக்கணக்கான கால்கள் தேய்த்துத் தேய்த்து அந்தச் சுண்ணாம்புப் பாறை எண்ணெய் தடவிய அம்மிபோல் ஆகிவிட்டது. பாறையில் வெட்டிய பழைய படிகளில் இறங்கும்போது சறுக்கி, பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலேயே இரும்புப் படிக்கட்டு இருந்தது, அதைப் பிறகுதான் பார்த்தேன். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி போட்டுக்கொண்டு, இரும்புப் படியிலேயே ஏறி இறங்குங்கள்.

பவுல் பேசியது இந்தப் பாறைமேல்தானா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. அரியோபாகு என்பது பாறையின் பெயர் மட்டுமல்ல, நகரத்தின் மன்றத்துக்கும் அதுதான் பெயர். மன்றம் கீழே சந்தைவெளியின் அரச மண்டபத்தில் கூடியிருக்கலாம் என்பாரும் உண்டு. ‘அறியப்படாத தேவனுக்கு’ என்ற பலிபீடத்தை எங்கே பார்க்கலாம் என்று வழிகாட்டியைக் கேட்கவும் வேண்டாம். ஏதென்ஸில் அப்படி ஒன்று இதுவரை கிடைக்கவில்லை.

கொரிந்து என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. 1858 நிலநடுக்கத்துக்குப் பின் கடலோரத்தில் எழுந்த புதிய ஊரில் இறங்கிவிட்டு, இடிபாடுகள் எங்கே என்று விழிப்பவர்கள் உண்டு. ‘பழைய கொரிந்து’ என்று கேட்டுப் போக வேண்டும். இங்கே நியாயாசன மேடை உண்மையானது. அந்தப் பகுதியின் ரோமானிய ஆளுநனான கல்லியோன் முன் பவுலை நிறுத்திய இடமாக அது அடையாளம் காணப்பட்டிருக்கிறது. ஆனால் ‘ஆயிரம் தேவதாசிகள் இருந்த ஊர்’ என்று வழிகாட்டி ஆரம்பித்தால் பாதிக் காதால் கேளுங்கள். பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதிய அந்தச் செய்தி, கி.மு. 146இல் ரோமர் அழிப்பதற்கு முந்தைய கொரிந்துவைப் பற்றியது. அதையே ஆய்வாளர் பலர் நம்புவதில்லை. பவுல் பார்த்தது கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் புதிதாகக் குடியேற்றிய ரோமானிய நகரம்.

வேலிக்கு உள்ளே மட்டும் சுற்றிவிட்டுக் கிளம்புவதும் தவறு. அரங்கத்துக்கு அருகே, வேலிக்கு வெளியே, தரைக்கல்லில் பெரிய லத்தீன் எழுத்துகள் இருக்கின்றன. வெண்கலத்தை வார்த்துப் பதித்திருந்த பள்ளங்கள் மட்டும் மிச்சம். ஏடில் என்ற நகரப் பதவிக்குக் கைமாறாக, ஏரஸ்து தன் சொந்தச் செலவில் இந்தத் தளத்தைப் போட்டான் என்கிறது அது. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் வரும் ‘பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து’ இவன்தானா? விவாதம் ஓயவில்லை. அந்த எழுத்துப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தபோது எனக்கு அந்த விவாதம் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கல்லியோன் யார்? தத்துவஞானி செனக்காவின் அண்ணன். அவன் எப்போது ஆண்டான் என்பது தெரிந்ததால்தான் பவுலின் காலக்கணக்கே நிலைபெற்றது. அந்த ஆதாரம் கொரிந்துவில் இல்லை. அப்பொல்லோவின் குறிசொல்லும் தலமான டெல்பியில் கிடைத்தது. கிளாடியஸ் பேரரசர் எழுதிய கடிதத்தின் உடைந்த கல்துண்டுகள் அவை. அவற்றைக் கொண்டு கல்லியோனின் ஆட்சியைக் கி.பி. 51–52 வாக்கில் வைக்கிறார்கள். ‘புறஜாதியார் கோயில்தானே’ என்று டெல்பியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிற குழுக்கள், பவுலின் வாழ்க்கையில் தேதி போட உதவிய கல்லை அடித்துவிடுகின்றன.

கொரிந்துவிலிருந்து கெங்கிரேயாவுக்குச் சுற்றுலா பஸ்கள் அதிகம் போவதில்லை. பவுல் பொருத்தனைக்காகத் தலைச்சவரம் பண்ணிக்கொண்டு கப்பலேறியதும், பெபேயாள் ஊழியம் செய்ததும் இந்தத் துறைமுகத்தில். பழைய துறையின் ஒரு பகுதி கடலில் அமிழ்ந்துவிட்டது. முழங்கால் ஆழத் தண்ணீருக்கடியில் சுவர்க்கோடுகள் தெளிவாகத் தெரியும். நான் போன மாலையில் உள்ளூர்ப் பிள்ளைகள் அந்தச் சுவர்மேல் ஏறி நின்று கடலுக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். மாற்றுடை ஒன்று எடுத்துப் போங்கள்.