விக்கி நண்பர்கள் நேரில் கூடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் இல்லை. தமிழ்நாடு, இலங்கை, கனடா, வளைகுடா என்று சிதறிக் கிடக்கிறார்கள். உரையாடல் பக்கத்தில் மட்டுமே பழகியவரை நேரில் பார்ப்பது தனி சந்தோஷம். கறாரானவர் என்று நினைத்தவர் சிரித்துப் பேசுவார். அப்புறம் அவர் நம் கட்டுரையில் ‘சான்று தேவை’ என்று போட்டாலும் கோபம் வராது. அதனால் கூடல்கள் கட்டாயம் நடக்க வேண்டும். ஆனால் வந்தவர்கள் நெருங்க நெருங்க, வராதவர்கள் வெளியாட்கள் ஆகிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

பெரிய தவறு, அங்கேயே முடிவெடுப்பது. தேநீர் இடைவேளையில் நாலு பேர், கனடா நகரத்தின் பெயருக்கு இலங்கை வழக்கான ‘ரொறன்ரோ’ வேண்டாம், ‘டொராண்டோ’ என்றே வைப்போம் என்று பேசிக்கொள்கிறார்கள். மறுநாள் தலைப்பு மாறிவிடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ஏன் என்று கேட்டால், “அன்றைக்கே பேசியாச்சே” என்று பதில் வருகிறது. விசா, விடுப்பு, கைக்குழந்தை என்று அவர் வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கும். கூடலில் பேசியது வெறும் யோசனைதான். அதைக் காரணங்களோடு ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கம்) எழுதி, மற்றவர்கள் கருத்துச் சொல்ல ஒரு வாரமாவது விடுங்கள். பேச்சுக் குறிப்புகளையும் அன்றே பொதுவில் போட்டுவிடுங்கள்.

அடுத்தது படம். புனைபெயரில் எழுதுபவரின் முகமும், கழுத்து அட்டையில் உள்ள சொந்தப் பெயரும் ஒரே படத்தில் விழுந்து, கீழே பயனர் பெயரும் சேர்ந்துவிட்டால் அவர் இத்தனை நாள் காத்த மறைவு போச்சு. விக்கித் திட்டங்களின் படக் கிடங்கான பொதுவகத்தில் கட்டற்ற உரிமத்தில் ஏற்றிய படத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. எடுக்கும் முன்பே கேளுங்கள். குழுப்படத்துக்கு நிற்கச் சொல்லும்போது, விருப்பமில்லாதவர்கள் சங்கடமில்லாமல் விலக நேரம் கொடுங்கள். பெண் பயனர்கள் விஷயத்தில் இதில் இரட்டிப்பு கவனம் வேண்டும்.

பழையவர்கள் ஒரே மேசையில் கூடிவிடுவதும் சகஜம். புதிதாக வந்தவர் ஓரமாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், போய் அவர் எழுதிய கட்டுரையைப் பற்றிக் கேளுங்கள்.

இன்னொன்று, நட்பான பிறகு கண்டும் காணாமல் இருப்பது. கூடலில் பழகிய நண்பரின் கட்டுரை நீக்கல் விவாதத்துக்கு வந்தால், கட்டுரையை நீக்கும் அதிகாரமுள்ள நிருவாகியாக இருப்பவர் அதில் முடிவு சொல்லாமல் வேறொரு நிருவாகியிடம் விட்டுவிடுவதுதான் சரி.