காணிப் பிணக்கை இணக்கமாகத் தீர்க்க முனைவோர் செய்யும் தவறுகள்

1990 ஒக்ரோபரில் இலங்கையின் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியைவிட்டு ஒரே இரவில் கிளம்பிய தமிழ்க் குடும்பங்களும் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது, தங்கள் வளவில் வேறு யாரோ அடுப்பு மூட்டியிருப்பதைக் கண்டவர்கள் அநேகர். இத்தகைய பிணக்குகளில், யாருக்கு என்ன இழப்பு நேர்ந்தது, அதை யார் எப்படி ஈடுசெய்வது என்று இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்கும் முறையே மறுசீரமைப்பு நீதி. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளிலும் ஊர்ப் பெரியவர்களின் முன்னிலையிலும் இம்முயற்சிகள் நடக்கின்றன. அவை முறிவதற்குப் பெரும்பாலும் தொடக்கத்திலேயே நேரும் பிழைகள்தாம் காரணம்.

மிகப் பெரிய பிழை, குடியிருப்பவரை முதல் நாளே 'அத்துமீறியவர்' என்று அழைத்துவிடுவது. அவரும் வேறோர் ஊரிலிருந்து துரத்தப்பட்டு, கூரை பிய்ந்த வீட்டைத் தன் கைக்காசில் வேய்ந்து, தூர்ந்த கிணற்றை இறைத்துப் பிள்ளைகளை வளர்த்தவராக இருக்கலாம். அந்தச் செலவைக் கணக்கில் எடுக்காமல் காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, மட்டும் மேசையில் விரித்தால், அவர் அடுத்த அமர்வுக்கு வரமாட்டார். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. இழந்தவர் தன் கதையைச் சொல்லி முடிக்கும் முன்பே "நடந்ததை மறந்துவிடுங்கள்" என்று மன்னிப்பை அவரிடமிருந்து பிடுங்குவது நீதியாகாது. அது அவரைக் களைப்படையச் செய்து கையெழுத்து வாங்குவது மட்டுமே.

காணியின் தன்மையை அறியாமல் பேசத் தொடங்குவதும் தவறு. உறுதி உள்ள தனியார் காணியை உரிமையாளர் விரும்பியபடி பிரிக்கலாம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பெமிட்டில் (அனுமதிப் பத்திரத்தில்) கிடைத்த அரச காணியை அப்படிப் பிரிக்க இயலாது. பிரதேச செயலகத்தைக் கேட்காமல் 'ஆளுக்குப் பாதி' என்று முடித்த இணக்கம் அங்கே செல்லாது.

பேச்சு இழுபடும்போது காலமும் ஓடுகிறது. உரிமையாளருக்கு எதிராக, இடையறாது 10 ஆண்டுகள் ஆண்டனுபவித்தவர் ஆட்சியுரிமை கோரலாம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தம் காணியை அணுக முடியாதிருந்தவர்களுக்காக, அந்தக் காலத்தை 10 ஆண்டுக் கணக்கில் சேர்க்காத சிறப்புச் சட்டம் 2016இல் வந்தாலும், அதன் நிபந்தனைகளைச் சட்டத்தரணியிடம் கேட்டறியாமல் அதை நம்பியிருக்கக் கூடாது. பேச்சு நடக்கும் காலம் உரிமையாளருக்கு எதிராகக் கணக்கிடப்படாதிருக்க, குடியிருப்பவர் அவரது அனுமதியுடனேயே இருப்பதாக இருவரும் எழுதிக் கையொப்பமிடுவது நல்லது.

யாழ்ப்பாணத்தில் சர்ச்சைக்குரிய காணி பல வேளைகளில் பெண்ணின் சீதனம். ஆனால் பேச வருபவரோ அண்ணன் அல்லது மாமனார். உரித்துடையவளின் குரலைக் கேட்காமல் எட்டப்படும் முடிவு நிலைக்காது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதால், கணவன் காணாமற்போன பெண்கள் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டியிருக்கும். அதற்கான காலத்தையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

இராணுவம் பிடித்துவைத்திருக்கும் காணியை இரு அயலவர் சண்டையைப்போல நடத்துவது வேறொரு குழப்பம். அங்கே எதிர்த்தரப்பு அரசு. உரிமையாளரை விட்டுக்கொடுக்கச் சொல்வதற்கு மத்தியஸ்தருக்கு எந்த நியாயமும் இல்லை.

கடைசியாக, எழுத்து. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாற, உறுதி எழுதும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். வெறும் இணக்கக் கடிதத்தால் உரித்து மாறாது. அந்த உறுதியில் பரப்பு, குழி என்ற நில அளவுகள் மட்டும் இருந்தால் போதாது. கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, எந்த நாளில் யார் இறைப்பது, வாய்க்கால் எவ்வழி ஓடும், வண்டில் போகும் ஒழுங்கை எவ்வளவு அகலம், வேலியோரப் பனைகள் யாருடையவை என்பன அதில் இருக்க வேண்டும். நில அளவையாளரின் கூலியை யார் கொடுப்பது என்பதையும் அன்றே எழுதிவிட்டு, எல்லைக்கல் நடும் நாளில் இரு வீட்டாரும் வேலியடியில் நிற்க வேண்டும்.