படையைத் திரும்ப அழைப்பது பற்றிப் பட்டிமன்றம் நடத்துவது எப்படி

மதுரையில் பட்டிமன்றத்துக்கு ஆள் சேர்ப்பது பெரிய காரியமில்லை. வெளிநாட்டில் நிற்கும் படையைத் திரும்ப அழைக்கச் சொல்லிக் கட்சிகள் மோதிக்கொண்ட விஷயத்தை மேடையேற்றுவதுதான் கடினம். பத்தாவது நிமிடத்திலேயே பேச்சு போரை விட்டுவிடும். எந்தக் கட்சி துரோகம் செய்தது என்ற சண்டை தொடங்கிவிடும். அப்படி ஆகாமல் நடத்த விரும்பும் கல்லூரித் தமிழ் மன்றங்கள், வாசகர் வட்டங்கள், சங்கக் கிளைகளுக்காக இந்தக் குறிப்பு. 40 முதல் 150 பேர் வரை கொள்ளும் அரங்கும் இரண்டரை மணி நேரமும் போதும்.

இரண்டு போர்களைச் சேர்த்து எடுங்கள். ஒன்று, 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படை. இன்னொன்று, 2003 முதல் 2011 வரை இராக்கில் இருந்த அமெரிக்கப் படை. முதலாவதை மட்டும் எடுத்தால் அரங்கின் சூடு தாங்காது. இரண்டாவதை மட்டும் எடுத்தால் யாருக்கும் ஒட்டாது. தவிர, அமெரிக்காவில் எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பது பெயர் பெயராகப் பதிவாகியிருக்கிறது. அதைப் பார்த்துப் பழகிய பிறகு நம் ஊர் வழக்கைப் பேசும்போது பேச்சாளர்களே ஆதாரம் கேட்கத் தொடங்குவார்கள்.

தலைப்பை நான்காகப் பிரியுங்கள்

"படையைத் திரும்பப் பெற வேண்டுமா, வேண்டாமா?" என்று நோட்டீஸ் அடித்தால் அங்கேயே காரியம் கெட்டது. அந்த ஒரு வரிக்குள் நான்கு கேள்விகள் கிடக்கின்றன. படை போனது சரியா? இப்போது அங்கே நிற்பதால் பலன் உண்டா? திரும்பும் தேதியை முன்கூட்டியே அறிவிக்கலாமா? அந்தத் தேதியைக் குறிக்கும் அதிகாரம் யாருக்கு?

போனதே தவறு என்பவர், தேதி குறிப்பதை எதிர்க்கலாம். போனது சரி என்பவர், இனி நின்று பயனில்லை என்று சொல்லலாம். இரண்டு நிலைப்பாட்டிலும் முரண்பாடு இல்லை. மேடையில் கட்சிக்காரர்கள் முதல் கேள்வியைப் பற்றித்தான் முழங்குவார்கள். ஆனால் சபைகளில் கட்சிகள் உண்மையில் மோதியது பெரும்பாலும் மூன்றாவதிலும் நான்காவதிலும்தான். அந்த இரண்டையும் தலைப்பாக வையுங்கள். முதல் இரண்டை நடுவர் தொடக்க உரையில் சொல்லி முடிக்கட்டும். "போரில் நிற்கும் படை திரும்பும் தேதியைக் குறிக்க வேண்டியது ஆட்சித் தலைமையா, மக்கள் சபையா?" என்பது நல்ல தலைப்பு. இரு பக்கமும் பேச இடம் இருக்கிறது. எந்தக் கட்சிக்கும் ஒட்டுமொத்தமாகச் சாதகமில்லை.

இராக் விவகாரத்தைப் பேச்சாளர்களுக்கு இந்த வரிசையில் கொடுங்கள். 2002 அக்டோபரில் போருக்கான அனுமதி பிரதிநிதிகள் சபையில் 296–133 என்றும் செனட்டில் 77–23 என்றும் நிறைவேறியது. செனட்டில் ஜனநாயகக் கட்சியினர் 29 பேர் ஆதரித்தார்கள், 21 பேர் எதிர்த்தார்கள். ஆகவே "ஒரு கட்சி போர் தொடுத்தது, மறு கட்சி எதிர்த்தது" என்ற பேச்சு இந்த முதல் வரியிலேயே விழுந்துவிடும். 2006 தேர்தலில் இரு சபைகளும் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தன. 2007 ஜனவரியில் அதிபர் புஷ் கூடுதலாக 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். மார்ச் 23 அன்று, போர்ச் செலவுக்கான பணத்தோடு திரும்பும் காலக்கெடுவையும் சேர்த்துக் கட்டிய மசோதா பிரதிநிதிகள் சபையில் 218–212 என்று தேறியது. ஜனநாயகக் கட்சியினர் 14 பேர் அதை எதிர்த்தார்கள். குடியரசுக் கட்சியினர் 2 பேர் ஆதரித்தார்கள். செனட்டும் ஒப்புக்கொண்ட பிறகு மே 1 அன்று புஷ் தன் தடை அதிகாரத்தால் அதைத் திருப்பி அனுப்பினார். மறுநாள் அந்தத் தடையை உடைக்க வாக்கெடுப்பு நடந்தது: 222–203. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அன்று வாக்களித்தவர்கள் கணக்கில் அது 284, எட்டவில்லை. மே மாத முடிவிலேயே தேதி இல்லாத செலவு மசோதா நிறைவேறிவிட்டது.

இதோடு நிறுத்திவிடும் பேச்சாளர்தான் அதிகம். அடுத்த வரி இல்லாமல் விடாதீர்கள். 2008 நவம்பரில் அதே புஷ் அரசு இராக் அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூன் 30-க்குள் நகரங்களிலிருந்தும், 2011 டிசம்பர் 31-க்குள் நாட்டிலிருந்தே முழுதாகவும் படை வெளியேற வேண்டும் என்று அதில் தேதி போட்டிருந்தது. சபை குறித்த தேதியை மறுத்தவர், தாமே பேசி முடித்த தேதிக்குக் கையெழுத்திட்டார். தலைப்பின் இரு பக்கமும் இந்த ஒரு நிகழ்விலிருந்தே முழு வாதத்தைக் கட்டலாம்.

இலங்கை வழக்குக்கான தாள்

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் முதல் படை இறங்கியது. அக்டோபரில் அந்தப் படையும் விடுதலைப் புலிகளும் மோதத் தொடங்கினார்கள். 1989-இல் அதிபரான பிரேமதாச, ஜூன் 1 அன்று, ஜூலை முடிவுக்குள் படை வெளியேற வேண்டும் என்று கேட்டார். கெடு வைத்து வெளியேற்ற முடியாது, இரு அரசும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றது டெல்லி. செப்டம்பர் 18 அன்று டிசம்பர் 31 என்ற தேதிக்கு உடன்பாடு ஏற்பட்டது. நவம்பரில் தேர்தல், டிசம்பர் 2 அன்று வி.பி. சிங் பிரதமரானார், கடைசி வீரர்கள் திருகோணமலையிலிருந்து கப்பலேறியது 1990 மார்ச் 24. உயிரோடு திரும்பாத இந்திய வீரர்கள் 1,100-க்கும் மேல். அந்தப் படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை.

அந்தக் கடைசி வரி வந்ததும் அரங்கில் கைதட்டலும் கூச்சலும் ஒருசேர எழும். எதிர்பார்த்தே இருங்கள். அது முதல் கேள்வியைச் சேர்ந்தது, படை போனதும் அங்கே நடந்ததும் சரியா என்பது. இன்றைய தலைப்பு தேதியைப் பற்றியது என்று நடுவர் ஒரே வாக்கியத்தில் பிரித்துச் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைக்க வேண்டும். 1987 அக்டோபர் 21, 22-இல் யாழ்ப்பாண மருத்துவமனையில் நடந்த கொலைகளையும் யாராவது எழுப்புவார்கள். எழுப்பத்தான் வேண்டும். அதை அடக்குவது அநியாயம். நடுவரே தொடக்க உரையில் நேராகச் சொல்லிவிட்டால், பிறகு அதை ஆயுதமாக வீச வேண்டிய தேவை யாருக்கும் இருக்காது.

இங்கே அடிக்கடி கேட்கும் ஒரு தவறான வாதம் உண்டு: "தமிழ்நாட்டு மக்கள் அந்தப் போரை வெறுத்தார்கள், அதனால் காங்கிரஸைத் தோற்கடித்தார்கள்." 1989 நவம்பர் மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் காங்கிரஸ் 27, அ.தி.மு.க. 11, இந்தியக் கம்யூனிஸ்ட் 1. தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. மதுரையிலும் காங்கிரஸே வென்றது. அதே ஆண்டு ஜனவரியில் அ.தி.மு.க. பிளந்து நின்றபோது சட்டமன்றத்தைப் பிடித்த தி.மு.க., அது ஒன்றுசேர்ந்து காங்கிரஸோடு கைகோத்ததும் சரிந்தது. போர் மீதான வெறுப்பு உண்மை. அது வாக்காக மாறியதா என்பது வேறு கணக்கு. படை திரும்பியதற்குத் தமிழ்நாட்டு வாக்குதான் காரணம் என்று ஒருவர் சொன்னால், எதிரணி இந்த எண்களைக் கேட்க வேண்டும்.

வாக்குகளை ஒப்பிடும்போது கவனம்

அமெரிக்காவில் 14 பேர் கட்சி மாறி வாக்களித்தார்கள், இங்கே ஒருவர்கூட அப்படிச் செய்யவில்லையே என்று கேட்பது நியாயமில்லாத ஒப்பீடு. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். மேலும் மக்களவையில் பல தீர்மானங்கள் குரல் வாக்கில் முடிகின்றன. தனி நபர் கணக்கு மிஞ்சுவதில்லை. அதோடு, நம் அரசமைப்பின்படி போரும் அமைதியும் ஒப்பந்தங்களும் மத்தியப் பட்டியலில் உள்ளவை. படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று சட்டம் இல்லை. சட்டமன்றம் தீர்மானம் போடலாம், அது யாரையும் கட்டுப்படுத்தாது. அமெரிக்காவிலோ போர் அறிவிக்கும் அதிகாரமும் பணப்பையும் சபையிடம் உள்ளன. 1973-இல் நிக்சனின் தடையை மீறி நிறைவேறிய சட்டம், அதிபர் படையை அனுப்பினால் 48 மணி நேரத்தில் சபைக்குச் சொல்ல வேண்டும், அனுமதி கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்த வேண்டும், திருப்பி அழைக்க மேலும் 30 நாள் என்கிறது. இவ்வளவையும் ஒரே ஏ4 தாளின் பின்பக்கத்தில் அச்சிடுங்கள்.

முன்பக்கத்தில் மேலே சொன்ன தேதிகளும் வாக்கு எண்களும். தாளைப் பத்து நாளுக்கு முன்பே இரு அணிக்கும் கொடுங்கள். தாளில் உள்ளதை மேடையில் மறுக்கக் கூடாது. தாளில் இல்லாத எண்ணைச் சொல்பவர் எங்கிருந்து எடுத்தார் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். நாடாளுமன்ற விவாதங்களுக்கு நாடாளுமன்ற மின்னூலகமும், அமெரிக்க வாக்குகளுக்கு அந்தச் சபைகளின் சொந்தப் பதிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஆதாரமாக ஏற்காதீர்கள்.

"உடனே" என்பவருக்கும் "இப்போது வேண்டாம்" என்பவருக்கும்

இரு தரப்பும் மாதக் கணக்கில் பேச வேண்டும் என்று விதி வையுங்கள். தேதி முடிவாகி முழுதாக வெளியேற இலங்கையில் ஆறு மாதம், இராக்கில் 37 மாதம் பிடித்தது. ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கப் படைக்கு, தாலிபானோடு செய்த 2020 பிப்ரவரி 29 தோஹா ஒப்பந்தத்திலிருந்து 2021 ஆகஸ்ட் 30 வரை 18 மாதம். ஒப்பந்தம் டிரம்ப் காலத்தில், வெளியேறியது பைடன் காலத்தில். பழியைக் கட்சிகள் இன்றும் ஒருவர்மேல் ஒருவர் போடுகின்றன.

ஏன் இவ்வளவு நாள்? ஆள் மட்டும் கிளம்பினால் போதாது. வண்டி, வெடிபொருள், மருத்துவமனை, எரிபொருள் கிடங்கு எல்லாம் துறைமுகத்துக்கோ விமானத்தளத்துக்கோ வர வேண்டும். வரும் சாலையைக் காக்க ஒரு பகுதி கடைசிவரை நிற்க வேண்டும். படை சுருங்கச் சுருங்க, மிஞ்சியவர்களுக்கு ஆபத்து கூடும். 2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலையத்தில் 13 அமெரிக்க வீரர்கள் இறந்தது வெளியேற்றத்தின் கடைசி வாரத்தில். "உடனே" என்பவர் இந்தக் கடைசி வாரத்துக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். "இன்னும் கொஞ்ச நாள்" என்பவர், அந்தக் கொஞ்ச நாளில் எது நடந்தால் போதும் என்பார், அது நடக்காவிட்டால் என்ன செய்வார் என்று சொல்ல வேண்டும். இரு அணிக்கும் பொதுவான கேள்வி ஒன்று: படையை நம்பி அங்கே கூட நின்றவர்களுக்கு என்ன ஏற்பாடு? வடகிழக்கு மாகாண முதல்வராக இருந்த வரதராஜப் பெருமாள் படை கிளம்பியபோது இந்தியா வந்துசேர்ந்தார். அவரை நம்பியிருந்த எல்லோராலும் அப்படி வர முடியவில்லை. இதற்குப் பதில் சொல்லாத அணிக்கு நடுவர் மதிப்பெண் குறைக்கலாம்.

மேடை ஏற்பாடு

அணிக்கு மூவர். பக்கத்தைத் திருவுளச் சீட்டு போட்டுப் பிரியுங்கள். கட்சிக்காரர் தன் கட்சிக்கு எதிரான பக்கத்தில் விழுந்தால் மாற்றாதீர்கள், அவர்தான் நன்றாகத் தயாராகி வருவார். ஆளுக்கு எட்டு நிமிடம், ஏழாவது நிமிடத்தில் மணி. "அவையோர்களே, ஆன்றோர்களே" என்று விளிப்பதில் ஒரு நிமிடம் போகும். அதை 20 நொடியில் நிறுத்துங்கள். எந்தத் தலைவர் பெயருக்கும் அடைமொழி கிடையாது, இது எல்லாக் கட்சிக்கும். நடுவர் தொடக்கம் 10 நிமிடம், அணித் தலைவர் மறுமொழி தலா 5, கேள்வி 30, தீர்ப்பு 12. மாலை 5 மணிக்குத் தொடங்கினால், கொஞ்சம் இழுத்தாலும் ஏழரைக்கு முடியும். மேலூர், உசிலம்பட்டிக்குப் போகிறவர்கள் பஸ் பிடிக்கலாம். சித்திரைத் திருவிழா வாரத்திலும் தேவர் ஜெயந்தியான அக்டோபர் 30-ஐ ஒட்டியும் வைக்காதீர்கள். தல்லாகுளம், கோரிப்பாளையம் வழியாக யாரும் நேரத்துக்கு வந்து சேர முடியாது. வெளியில் ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலையத்தில் அனுமதி வேண்டும், உள்ளரங்கம் நல்லது. விடுதலைப் புலிகள் இயக்கம் 1992 முதல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. ஆகவே கொடி, சின்னம், படம் எதுவும் மேடையிலோ பேனரிலோ வரக் கூடாது.

ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து யாராவது வரலாம். அந்தப் படையில் பணியாற்றிய முன்னாள் வீரரும் வரலாம். அவர்களை முன் வரிசையில் உட்காரவைத்து "இவரையே கேளுங்கள்" என்று கைகாட்டும் பழக்கம் வேண்டாம். பேசுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். முன்னதாகத் தனியே கேட்டு, சம்மதித்தால் மட்டும் ஐந்து நிமிடம் கொடுங்கள். அவர்கள் பேசிய பிறகு மறுப்புரை வைக்காதீர்கள்.

தீர்ப்பு சொல்லாவிட்டால் மதுரைக் கூட்டம் ஒப்பாது. தீர்ப்பைத் தலைப்புக்கு மட்டும் சொல்லுங்கள், போர் சரியா தவறா என்பதற்குச் சொல்லாதீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அதே கேள்விக்குக் கைதூக்கச் சொல்லி இரண்டு எண்ணிக்கையையும் கரும்பலகையில் எழுதுங்கள். கேள்விகளைச் சீட்டில் வாங்கினால் நீளம் குறையும். நேரமில்லாமல் விடுபட்ட சீட்டுகளை அணித் தலைவர்களிடம் பாதிப் பாதியாகக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் ஆதாரத்தோடு எழுத்தில் பதில் வாங்கிக் குழுவில் போடுங்கள். தாளில் ஏதாவது தேதி தவறென்று யாராவது நிரூபித்திருந்தால், திருத்திய தாளையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள்.