டீசல் பிக்கப்புக்கு லிஃப்ட் பம்ப்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களிடம் லிஃப்ட் பம்ப் மாற்றப் போகிறேன் என்று சொன்னால், "எத்தனை கேலன் பம்ப்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். டேங்கிலிருக்கும் டீசலை எடுத்து எஞ்சினில் உள்ள இன்ஜெக்‌ஷன் பம்பின் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது லிஃப்ட் பம்பின் வேலை. நம்மூர் லாரிப் பட்டறைகளில் ஃபீட் பம்ப் என்பார்களே, அதே வேலைதான். மணிக்கு எத்தனை கேலன் டீசல் தள்ளும் என்ற அந்தக் கேள்வி தவறில்லை. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைக் கேட்காமல் வாங்குவதால்தான் நல்ல பம்பைப் போட்டும் வண்டி படுத்துவிடுகிறது.

முதலில், உங்கள் வண்டிக்கு எவ்வளவு அழுத்தம் தேவை? செவர்லே, ஜிஎம்சி பிக்கப்புகளில் வரும் டியூராமேக்ஸ் எஞ்சினில் 2001 முதல் 2016 வரை கம்பெனி லிஃப்ட் பம்பே வைக்கவில்லை. இன்ஜெக்‌ஷன் பம்ப் தானே டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கென வரும் லிஃப்ட் பம்ப் கிட்கள் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) ஒட்டித்தான் தள்ளும். உறிஞ்சிப் பழகிய அமைப்புக்கு அது போதும். ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கோ நேர் எதிர். அதில் 45 பிஎஸ்ஐ-க்குக் கீழே போனால் இன்ஜெக்டர்கள் கெட ஆரம்பித்துவிடும். பம்பும் அதன் வெளிக்கூடும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே அழுத்தத்தை நிர்ணயிக்கும் ஸ்பிரிங் வேறு. நண்பரின் வண்டியில் கழற்றியது மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

லிஃப்ட் பம்பை மாற்றியே ஆக வேண்டும் என்ற பேச்சை அமெரிக்காவில் பரப்பிய வண்டி எது என்றால், 1998-ன் பாதியிலிருந்து 2002 வரை வந்த 24 வால்வு கம்மின்ஸ் டாட்ஜ் ராம்தான். அதில் பாஷ் விபி44 என்ற இன்ஜெக்‌ஷன் பம்ப். அதற்கு மசகும் டீசல்தான், சூட்டைத் தணிப்பதும் டீசல்தான். தேவைக்கு மேல் வரும் டீசலை டேங்குக்குத் திருப்பும் வால்வு சுமார் 14 பிஎஸ்ஐ-யில் திறக்கும். அதற்குக் கீழே இறங்கினால் பம்பைக் குளிர்விக்கும் ஓட்டம் குறையும். கம்பெனி வைத்த சின்ன எலக்ட்ரிக் பம்போ டேங்கிலிருந்து வெகுதூரம் தள்ளி, எஞ்சின் பிளாக்கிலேயே உட்கார்ந்திருந்தது. மொட்டை மாடியில் மோட்டரை வைத்துவிட்டுக் கீழ்த்தொட்டித் தண்ணீரை இழு என்று சொல்வது போன்ற ஏற்பாடு. அது சத்தமில்லாமல் செத்துப்போகும். வண்டி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஏனென்றால் விபி44 தானே கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் எஞ்சின் கணினியில் P0216 என்ற பழுதுக் குறியீடு விழும். அப்போது ஆயிரம் டாலருக்கு மேல் செலவழித்து விபி44-ஐயே மாற்ற வேண்டியிருக்கும்.

அதனால்தான் பம்பைவிட முதலில் கேஜ் வாங்குங்கள் என்பேன். இன்ஜெக்‌ஷன் பம்பின் வாசலில், ஃபில்டருக்குப் பிறகு, டீசல் அழுத்தத்தைக் காட்டும் கேஜ். ஐடிலில் 15 காட்டுகிறதே என்று நிம்மதியாகிவிடக் கூடாது. டிரெய்லரை மாட்டி, மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். முள் 15-லிருந்து 5-க்கு இறங்கினால் பம்ப், குழாய், ஃபில்டர் மூன்றில் ஏதோ ஒன்று திணறுகிறது. விபி44 வண்டியில் எந்த நிலையிலும் 10-க்குக் கீழே போகக் கூடாது. இன்னொன்று, டீசல் குழாயை நேராக கேபினுக்குள் கொண்டுவரும் மெக்கானிக்கல் கேஜ் வேண்டாம். கசிந்தால் உங்கள் மடியில்தான் ஊற்றும். சென்சார் வைத்த எலக்ட்ரிக் கேஜ் போடுங்கள், சென்சாரை அதிர்வில்லாத இடத்தில் பொருத்துங்கள்.

சரி, கேலன் கணக்குக்கு வருவோம். கடைகளில் மணிக்கு 95 முதல் 220 கேலன் வரை எழுதிய பம்புகள் கிடைக்கின்றன. உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.4 பவுண்ட் டீசல் எரிக்கும். 500 குதிரைத்திறனை முழுசாகப் பிழிந்தாலும் 200 பவுண்ட். ஒரு கேலன் சுமார் 7.1 பவுண்ட் என்பதால் அது 28 கேலன்தான். குளிர்விக்கச் சுற்றிவருவதையும் சேர்த்துக்கொண்டால்கூட, டிரெய்லர் இழுக்கும் சாதாரண வண்டிக்கு 100 கேலன் பம்ப் தாராளம். 220 வாங்கினால் மிச்சமெல்லாம் சுற்றிச் சுற்றி டேங்குக்கே திரும்பும். கரண்டும் கூடுதலாக இழுக்கும், இரைச்சலும் உண்டு. பந்தயத்துக்கு ஓட்டுபவர்களுக்கான பம்பை ஆபீஸ் போய்வரும் வண்டியில் மாட்டுவது பெருமைக்குத்தான் உதவும்.

பம்புக்கு முன்னால் இருக்கும் பாதையைப் பலர் யோசிப்பதே இல்லை. பம்புக்குத் தள்ளுவது எளிது, இழுப்பது கஷ்டம். டேங்குக்குப் பக்கத்தில், சேஸிஸில், முடிந்தவரை தாழ்வாகப் பொருத்துங்கள். பழைய மெல்லிய குழாயையும், உள்ளே ஊசித்துளை மாதிரி ஓட்டை வைத்த பான்ஜோ போல்ட்டுகளையும் அப்படியே விட்டுவிட்டுப் பம்பை மட்டும் மாற்றினால் கேஜில் பெரிய மாற்றம் தெரியாது. அரை அங்குலக் குழாய் போடுங்கள். இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அதன் துணுக்குகள் இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் போகும். துத்தநாகப் பூச்சு உள்ள பிட்டிங்கும் டீசலுக்கு ஆகாது.

டேங்குக்குள் டீசலை எடுக்கும் குழாயிலும் ஒரு வம்பு உண்டு. டீசலைத் தேக்கி வைக்கக் கம்பெனி வைத்த கூடைக்கு வெளியே குழாயை இறக்கினால், கால் டேங்க் மிச்சமிருக்கும்போதே வளைவில் டீசல் ஒதுங்கி ஏர் எடுக்கும். அதைத் தவிர்க்க டேங்கின் அடியில் ஓட்டை போட்டு சம்ப் என்ற கிண்ணத்தை வைக்கிறார்கள். கடைசிச் சொட்டுவரை எடுக்கும்தான். ஆனால் டேங்கின் மிகத் தாழ்வான இடத்தில் துளை, அதுவும் கல் தெறிக்கும் இடத்தில். எனக்கு அதில் உடன்பாடில்லை. கால் டேங்கில் நிரப்பிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் குழாயே போதும்.

வயரிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. 24 வால்வு கம்மின்ஸில் பழைய லிஃப்ட் பம்புக்குக் கரண்ட் கொடுப்பது எஞ்சினின் கணினியேதான். அந்த வயரில் பெரிய பம்பை நேராகக் கோத்தால் கணினி போய்விடும். அந்த வயர் ரிலேவைத் தட்டிவிடட்டும், பம்புக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரட்டும். எர்த் இணைப்பில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.

ஃபில்டர் விலையையும், அது உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்பதையும் வாங்குமுன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஃபாஸ், ஏர்டாக் போன்ற பிராண்டு லிஃப்ட் பம்புகள் காற்றையும் நீரையும் பிரித்து, நுண்ணிய ஃபில்டர் வழியாக அனுப்புகின்றன. நல்லதுதான், ஆனால் குளிர்நாட்டில் டீசலிலிருந்து உறையும் மெழுகு முதலில் அடைப்பது அந்த ஃபில்டரைத்தான். பெட்டியில் ஒரு ஜோடி கூடுதலாக வைத்துக்கொண்டு பயணம் போங்கள்.

கடைசியாக, சிபி4 என்ற உயர் அழுத்த இன்ஜெக்‌ஷன் பம்ப் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் லிஃப்ட் பம்ப் வாங்குபவர்கள். 2011 முதல் 2016 வரையிலான எல்எம்எல் டியூராமேக்ஸில் இருக்கும் இந்தப் பம்ப் உள்ளே சிதைந்தால், இரும்புத்துகள் ரெயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பங்கிடும் குழாய்), இன்ஜெக்டர் என எல்லா இடத்துக்கும் பரவும். பழுதுச் செலவு 10,000 டாலரைத் தொடும். லிஃப்ட் பம்ப் போட்டால் ஏர் குறையும், அதனால் பம்புக்கு நல்லது. ஆனால் சிதையாது என்று யாராவது உத்தரவாதம் சொன்னால் நம்பாதீர்கள். ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசலில் கம்பெனி லிஃப்ட் பம்ப் இருந்தும் சிபி4 போயிருக்கிறது. 2019, 2020 ராம் கம்மின்ஸில் டேங்குக்குள்ளேயே லிஃப்ட் பம்ப் இருந்தும், கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்து சிபி4-ஐ எடுத்துவிட்டு அதற்கு முந்தைய வகையான சிபி3 பம்பைப் போட்டுக்கொடுத்தது. சிபி4 சிதைந்தாலும் துகள்களை இன்ஜெக்டர் பக்கம் விடாமல் டேங்குக்குத் திருப்பிவிடும் பைபாஸ் கிட் என்று தனியாக ஒன்று விற்கிறார்கள். பம்பை அது காப்பாற்றாது, மற்றதைக் காப்பாற்றும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எல்எம்எல்காரர் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான்.