மக்கள் பிரதிநிதிக்கு வரும் மின்னஞ்சல் குவியலைப் பிரிப்பது எப்படி?

ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் சில மாதம் தபாலும் மின்னஞ்சலும் பார்த்தேன். முதல் வாரமே மண்டை காய்ந்துவிட்டது. புதிதாக அந்த நாற்காலியில் உட்காருபவர்களுக்காக இது.

"எல்லாவற்றையும் அவரே படிக்க மாட்டாரா?" என்று கேட்பார்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரு தொகுதிக்குச் சுமார் 7.6 லட்சம் பேர். உறுப்பினர் வைத்துக்கொள்ளக்கூடிய நிரந்தர ஊழியர்களோ 18 பேர். அவர் எங்கே எல்லாவற்றையும் படிப்பது? அவர் கண்ணில் எது படும் என்பது பிரிப்பவர் கையில்தான்.

படி 1: முகவரியைப் பாருங்கள். நம் தொகுதியா, இல்லையா? பிரிட்டன் நாடாளுமன்றத்தில் அடுத்த தொகுதிக்காரரின் பிரச்சினையில் உறுப்பினர்கள் தலையிடாதது ஒரு மரபு. வேறு தொகுதி என்றால் அவருடைய உறுப்பினர் யார் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

படி 2: இரண்டாகப் பிரியுங்கள். நின்றுபோன ஓய்வூதியம், கிடைக்காத சான்றிதழ் போன்றவை ஒரு பக்கம். "இந்த மசோதாவை எதிர்த்து வாக்களியுங்கள்" வகை இன்னொரு பக்கம். முதல் வகையை அன்றன்றே பார்த்துவிட வேண்டும்.

படி 3: நான் சறுக்கிய இடம். ஏதாவது ஓர் அமைப்பு தன் இணையதளத்தில் "உங்கள் பிரதிநிதிக்கு அனுப்புங்கள்" என்று பொத்தான் வைத்தால் போதும், ஒரே வாசகம் நூற்றுக்கணக்கில் வந்து விழும். நான் சப்ஜெக்ட் வரியை வைத்து ஃபில்டர் போட்டேன், எண்ணிக்கையைக் குறித்தேன், எல்லாருக்கும் ஒரே பதிலைத் தட்டிவிட்டேன். அரை மணி நேரத்தில் முடிந்ததில் ஒரே பெருமை.

பத்து நாள் கழித்து ஓர் அம்மா போன் செய்தார். "தம்பி, நான் கேட்டது மசோதாவைப் பத்தி இல்லையே?" தேடி எடுத்தேன். ஐந்து பத்திக்கு அதே வாசகம். அதற்குக் கீழே, பெயருக்கு மேலே, அவரே தட்டிய மூன்று வரி: கணவர் இறந்து ஏழு மாதம், குடும்ப ஓய்வூதியம் இன்னும் வரவில்லை.

அப்புறம் வழியை மாற்றினேன். மெயில்களின் வாசகத்தை எக்செலில் ஒரு நெடுவரிசையாக ஒட்டி, பக்கத்தில் எழுத்துகளை எண்ணும் லென் ஃபார்முலாவைப் போடுங்கள். பெயர், முகவரியால் எண் கொஞ்சம் ஏறி இறங்கும். மூல வாசகத்திலிருந்து நூறு எழுத்துக்கு மேல் விலகியதையெல்லாம் தனியே எடுத்து, கடைசி வரி வரை கண்ணால் படியுங்கள்.

படி 4: பொதுப் பதிலை உறுப்பினரிடம் ஒருமுறை காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அவர் இன்னும் முடிவெடுக்காத விஷயத்தில் நீங்களாக ஒரு நிலைப்பாட்டை எழுதிவிடாதீர்கள்.

இதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. இரண்டு பேர் இருக்கும் அலுவலகத்துக்கு எக்செலே போதும் என்பேன். இன்பாக்ஸில் "படித்தது, படிக்காதது" குறியை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்து மேசைக்காரர் திறந்து பார்த்தாலே போச்சு.

காகிதக் கடிதத்துக்குத்தான் மதிப்பு என்பார்கள். ஆனால் 2001-இல் அமெரிக்க செனட்டர்களுக்கு ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமித் தூள் தபாலில் வந்த பிறகு, அங்கே கடிதங்கள் வெளியே கதிர்வீச்சில் காட்டப்பட்ட பின்தான் உள்ளே வருகின்றன. அவசரமென்றால் மெயில்தான் சரி.

பின்சேர்க்கை: ஒரே ஆள் மெயில், தபால், போன் என மூன்று வழியிலும் வந்தால் மூன்றாக எண்ணிவிடுகிறோமே என்று ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார். பெயரையும் வீட்டு முகவரியையும் சேர்த்து ஒப்பிடுங்கள். மின்னஞ்சல் முகவரியை வைத்து ஒப்பிட்டால், ஒரே கணக்கைப் பகிர்ந்துகொள்ளும் கணவனும் மனைவியும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.