லேசர் அச்சில் கருப்பு-வெள்ளைப் படம் தெளிவாக வர

திரையில் பளிச்சென்று இருக்கும் கருப்பு-வெள்ளைப் படம், லேசர் பிரிண்டரில் அடித்ததும் முகம் இருண்டு, தலைமுடி கருப்புத் திட்டாகிவிடுகிறதா? படத்தை அந்த மெஷினுக்கும் தாளுக்கும் ஏற்பத் தயார் செய்யாததுதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் அளவு. அச்சில் வரப்போகும் அளவில் 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) வேண்டும், 10 செ.மீ. அகலத்துக்கு ஏறத்தாழ 1,180 பிக்சல். சிறிய படத்தில் எண்ணை மட்டும் 300 என்று மாற்றினால் விவரம் கூடாது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அதனால் அனுப்புகிறவரை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்து போட்டோஷாப்பில் இமேஜ், மோடு, கிரேஸ்கேல் (சாம்பல் சாயல் மட்டும்). ஆர்ஜிபி என்ற வண்ண முறையிலேயே விட்டால் கலர் மெஷின் நான்கு டோனரையும் கலந்து சாம்பலை உண்டாக்கும். பச்சையோ சிவப்போ லேசாக ஏறிவிடும்.

இனி வருவதுதான் முக்கியமான வேலை. இதைத் தாண்டிப் போகாதீர்கள். 0 (வெள்ளை) முதல் 100 (முழுக் கருப்பு) வரை 5% இடைவெளியில் 21 சாம்பல் கட்டங்கள் போட்டு, வேலைக்கு எடுக்கப்போகும் அதே தாளில் அடியுங்கள். லேசர் சாம்பலைச் சிறு கருப்புப் புள்ளிகளால்தான் காட்டும். அந்தப் புள்ளிகளின் ஓரம் விரிவதை டாட் கெயின் என்பார்கள். அதனால் நடுச்சாம்பல்தான் அதிகம் இருட்டாகும். அச்சைப் பார்த்து, போட்டோஷாப்பில் சாயலை ஏற்றி இறக்கும் கர்வ்ஸில் திருத்துங்கள் (அளவை 'பிக்மென்ட்/இங்க்' முறையில் வையுங்கள், அப்போது எண் கூடினால் கருப்பு கூடும்):

90, 95, 100 மூன்றும் ஒரே கருப்பாகத் தெரிந்தால் 100-ஐ 90-க்கு இறக்குங்கள். 90-லேயே முழுக் கருப்பு வந்துவிடுவதால் எதுவும் குறையாது.
5% கட்டம் தாளோடு கரைந்துவிட்டால் 5-ஐ 8-க்கு ஏற்றுங்கள். 0 அப்படியே இருக்கட்டும், கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளிக்கு அது வேண்டும்.
50% மிக இருட்டு என்றால் 42-இல் தொடங்கி, மறுபடி அடித்துப் பாருங்கள்.

சரியானதும் தாளின் பெயரிலேயே பிரீசெட்டாகச் சேமியுங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பருக்குப் போட்ட கர்வ் பூச்சில்லாத மேப்லித்தோ தாளுக்கு ஒத்துவராது.

படத்தின் வானத்தில் பட்டை பட்டையாக விழுந்தால், சாம்பலைப் புள்ளிகளாக்கும் 'ஸ்கிரீன்' அமைப்பைப் பாருங்கள். புள்ளி உண்டு, இல்லை என்று மட்டுமே அடிக்கும் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) லேசரில் 150 எல்பிஐ (அங்குலத்துக்கு 150 ஸ்கிரீன் வரிசை) வைத்தால் ஸ்கிரீனின் ஒரு கட்டத்துக்கு 4×4 புள்ளிகள்தான். கிடைப்பது வெறும் வெள்ளையையும் சேர்த்து 17 சாயல். 75 எல்பிஐக்கு இறக்கினால் 65 சாயல், ஆனால் புள்ளி கண்ணுக்குத் தெரியும். 'ஆட் நாய்ஸ்' 2% சேர்த்தாலும் பட்டை ஓரளவு குறையும்.

கூர்மையைக் கடைசியில், இறுதி அளவில் கூட்டுங்கள்: அன்ஷார்ப் மாஸ்க் 100%, ரேடியஸ் 1, த்ரெஷோல்டு 3. பிடிஎஃப் எடுக்கும்போது நிற மாற்றம் வேண்டாம் என்று தேர்வு செய்யுங்கள். பிரிண்டரில் டோனரைக் குறைத்து அடிக்கும் டோனர் சேவ் ஆனில் இருந்தால் மேலே செய்த திருத்தம் அத்தனையும் வீண். அடிக்கும் முன் அணைத்துவிடுங்கள்.