நகராட்சியோடு சேர்ந்து நாடக அரங்கம் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பக்கத்து வட்டத்திலிருந்து நான்கு இளைஞர்கள் ஒரு கோப்புடன் என் வீட்டுக்கு வந்தார்கள். தங்கள் ஊர் நகராட்சியின் நிதியோடு தாங்களும் ஒரு பங்கு போட்டு, சிறிய நாடக அரங்கம் ஒன்றை அமைக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். மனுவை வாங்கிப் படித்துக்கொண்டே வந்தவன், மூன்றாம் பத்தியில் "நாடகம் முதலான நிகழ்ச்சிகள் நடத்த ஏதுவாக ஒரு சமுதாயக் கூடம் கட்டித் தர வேண்டுகிறோம்" என்ற வரியைக் கண்டதும் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் நாடகக் குழுவை இருபது லட்ச ரூபாயோடு நடுத்தெருவில் நிறுத்திய சொல் அந்தச் "சமுதாயக் கூடம்". அதையே இவர்களும் எழுதியிருந்தார்கள்.

மனுவில் தேதி விட்டுப்போவது, நகல் எடுத்து வைக்காமல் கொடுப்பது, ஒப்புகை வாங்காமல் திரும்புவது போன்றவற்றை ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன். எங்கள் ஊரின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. அந்த அலுவலகத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எங்களுக்கு நல்லது செய்யவே நினைத்தார்கள்.

மனுவில் பழம்பெருமை பேசுவது

கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டினார். சேலத்தில் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிறுவனம் எழுந்தது. ஈரோட்டில் 1944இல் நாடகக் கலைக்கென்று ஒரு மாநாடே கூடியது. இவையெல்லாம் கொங்கு நாட்டுக்காரனாக எனக்குப் பெருமை தருபவைதாம். எங்கள் முதல் மனுவில் இவற்றை இரண்டு பக்கத்துக்கு எழுதி, கேட்க வேண்டியதைக் கடைசி நான்கு வரிகளில் அடக்கியிருந்தோம். அந்த இரண்டு பக்கத்தையும் நகராட்சிப் பொறியாளர் புரட்டிய வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எத்தனை சென்ட் இடம், எத்தனை இருக்கை, எவ்வளவு செலவு, அதில் உங்கள் பங்கு எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை நாள் யார் பயன்படுத்துவார்கள் என்ற ஐந்து விடைகளும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வரலாற்றைத் திறப்பு விழா மலருக்கு வைத்துக்கொள்ளலாம்.

தலைவரின் வாய்ச்சொல்லை நம்பி உட்கார்ந்திருப்பது

2014இல் அப்போதைய நகர்மன்றத் தலைவர், "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க, உங்களுக்கு இல்லாததா" என்றார். மனமார்ந்துதான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தச் சொல் மன்றத் தீர்மானமாக மாறுவதற்குள் 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பின் 2022 மார்ச் வரை தமிழகத்தின் நகராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. புதிதாக வந்த அலுவலர், கோப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எங்கள் மனுவும் ஒரு பொன்னாடைப் புகைப்படமும் இருந்தன.

எந்தப் பணம் எதற்கு என்று தெரியாமல் கேட்பது

நகராட்சியிடம் பணம் இருக்கிறது என்பதும், அந்தப் பணத்தில் அரங்கம் கட்டலாம் என்பதும் வேறு வேறு செய்திகள். பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுத்த முறைப்படி, சிறு நகரங்களுக்கான மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து மேடைத் திரைக்கு ஒரு ரூபாய் கேட்டாலும் கிடைக்காது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினரின் நிதி ஆண்டுக்கு 5 கோடி என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பணம் நிலையான சொத்து உருவாக்கத்துக்கு உரியது, காவலாளி சம்பளத்துக்கோ மின் கட்டணத்துக்கோ வராது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்குப் பொருத்தமானது, 1997இல் தோன்றி 2021இல் மீண்டும் உயிர்பெற்ற நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். நாங்களும் அந்த வழியில்தான் போனோம். திட்டத்தில் குறையில்லை, குறை அடுத்த தலைப்பில் இருக்கிறது.

கட்டடத்தைச் "சமுதாயக் கூடம்" என்று எழுத விடுவது

நாங்கள் கேட்டது நாடக அரங்கம். 2022இல் புதிய மன்றம் அமைந்த பிறகு கூட்டப் பொருளில் அதைச் சேர்க்கும் வேளையில், பிரிவு எழுத்தர் எங்களை அழைத்து, நாடக அரங்கம் என்று எழுதினால் மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள், சமுதாயக் கூடம் என்றால் ஏற்கனவே பழக்கப்பட்ட இனம், தடையின்றிப் போய்விடும் என்று சொன்னார். "பேர்ல என்னங்க இருக்குது, கட்டடம் வந்தாப் போதாதுங்களா?" என்று பக்கத்தில் இருந்த பணி மேற்பார்வையாளரும் கேட்டார். நாங்கள் ஆறு பேர் அங்கே நின்றோம்; ஆறு பேரும் தலையை ஆட்டினோம். இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது, அவர்கள்மீது அல்ல.

பெயரில் என்ன இருந்தது என்பது ஒவ்வொரு படியிலும் தெரிந்தது. சமுதாயக் கூடம் என்று தீர்மானம் ஆனதும், பொறியியல் பிரிவு தன்னிடமிருந்த சமுதாயக் கூட வரைபடத்தை எடுத்தது. அதில் பந்திக் கூடம் இருந்தது, சமையற்கூடம் இருந்தது, மணமகள் அறையும் மணமகன் அறையும் இருந்தன. மேடை பத்தடி ஆழம். மணவறை வைத்து, பின்னால் உறவினர் நிற்க அது போதும். நாடகத்துக்கு இருபதடியாவது வேண்டும். இருபுறமும் நடிகர்கள் மறைந்து நிற்க இடம் வேண்டும். இங்கே மேடையின் இரு பக்கமும் சுவர். மொய் எழுதிவிட்டு ஏறி வாழ்த்துவதற்கு வசதியாக மேடையின் நட்ட நடுவில் முன்பக்கம் படிக்கட்டு. விளக்குகளைத் தொங்கவிடும் குழாய்க்குக் கூரையில் உயரமில்லை. இருந்த உயரத்திலும் மின்விசிறிகள். தரை முழுவதும் வழவழப்பான ஓடு, இருபுறமும் பெரிய சன்னல்கள். ஒருவர் ஒரு வசனம் பேசினால் அது மூன்று முறை கேட்கும், பகல் காட்சியில் இருட்டு என்பதே கிடையாது. வரைபடத்தைத் திருத்தக் கேட்டபோது, ஒப்பந்தப்புள்ளி கோரியாயிற்று, இனி மாற்றினால் மதிப்பீடு மாறும், மதிப்பீடு மாறினால் எல்லா அனுமதியும் முதலிலிருந்து என்றார்கள். அவர்கள் சொன்னது முறைப்படி சரி.

அதற்குள் எங்கள் பங்கான இருபது லட்சத்தை வரைவோலையாகச் செலுத்திவிட்டிருந்தோம். நெசவாளர்களும் மஞ்சள் வியாபாரிகளும் பள்ளி ஆசிரியர்களும் தந்த பணம் அது. கைக்கு வந்தது ஒரு ரசீது. பங்குத்தொகை செலுத்துவதால் கட்டடத்தின்மேல் எந்த உரிமையும் பிறப்பதில்லை, கட்டி முடித்தால் அது முழுக்க முழுக்க நகராட்சிச் சொத்து என்பது எங்களுக்கு அப்போது மங்கலாகத் தெரியும். தெளிவாகத் தெரிந்தது 2024இல், திறப்பு விழா முடிந்த இரண்டாம் மாதம். கூடத்துக்கு வாடகை நிர்ணயித்து மன்றம் தீர்மானம் போட்டது. பிறகு ஆண்டுக் குத்தகைக்கு ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் பந்தல் தொழில் செய்பவர். முகூர்த்த நாள் ஒன்றைக்கூட அவர் வீணாக்கவில்லை, வீணாக்கவும் கூடாது, அவர் முதலீடு அது. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் எங்களுக்கு இடமே இல்லை. மற்ற மாதங்களில் காதுகுத்து, புதுமனை விருந்து, கட்சிக் கூட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் பணம் கட்டிவிட்டுப் போய் நின்றபோது, முதல்நாள் கல்யாணம் நீண்டுவிட்டதாகவும், பாத்திரங்களை ஏற்றி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். மூன்று மணி நேரம் வேப்பமரத்தடியில் வசனம் பார்த்தோம்.

வாடகையைக் குறைத்துத் தரும்படி ஆணையரைக் கேட்டோம். அவர் பொறுமையாக விளக்கியது பயனுள்ள பாடம்: தீர்மானத்தில் இல்லாத சலுகையை அவர் கொடுத்தால், அடுத்த உள்ளாட்சித் தணிக்கையில் அது நகராட்சிக்கு வருவாய் இழப்பு என்று எழுதப்படும், அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே அலுவலரின் நல்லெண்ணத்தை நம்பிச் சலுகையை எதிர்பார்ப்பது அவரைச் சிக்கலில் தள்ளுவதற்குச் சமம். சலுகை என்ற சொல்லே வராதபடி முதல் தீர்மானத்திலேயே அது கட்டணமாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எனவே வந்த இளைஞர்களிடம் நான் சொன்னது இதுதான். தீர்மானத்தில் "நிகழ்த்துகலை அரங்கம்" என்ற சொல் இருக்க வேண்டும்; மேலிடத்தில் விளக்கம் கேட்டால் விளக்கம் கொடுங்கள், ஆறு மாதம் தாமதமானாலும் போகட்டும். மேடையின் ஆழம், உயரம், பக்க மறைவிடம், மின்பளு ஆகியவற்றை அளவோடு எழுதிய வரைபடம் தீர்மானத்தின் இணைப்பாகச் சேர வேண்டும். ஆண்டுக்கு இத்தனை நாள் கலைக்குழுக்களுக்கு, இன்ன கட்டணத்தில், இத்தனை நாளுக்கு முன் பதிவு செய்தால் உறுதி என்பதும், கூடம் குத்தகைக்கு விடப்பட்டாலும் அந்த நாட்கள் குத்தகையிலிருந்து விலக்கப்பட்டவை என்பதும் அதே தீர்மானத்தில் வர வேண்டும். நடத்தும் பொறுப்பையே உங்கள் சங்கம் ஏற்பதானால் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்ற பெயரில் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு நிறைவடைய வேண்டாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். இவை எல்லாம் கையில் வந்த பிறகுதான் வரைவோலை எடுக்க வங்கிக்குப் போக வேண்டும். பணம் கொடுப்பதற்கு முந்தைய நாள் வரை உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

கோயில் நிலம்

ஐந்தாண்டுக்கு மேல் குத்தகை என்றால் அறநிலையத் துறை ஆணையர் வரை போக வேண்டும், வேண்டாம்.

பூங்கா நிலம்

மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் காலியாகத்தான் கிடக்கும், கவுன்சிலரும் கைகாட்டுவார். அதில் கட்டடம் எழுப்பினால் அந்தத் தெருக்காரர் ஒருவர் உயர் நீதிமன்றம் போனாலே போதும்.

நாடகக்காரர்கள் மட்டும் போய்க் கேட்பது

இருபது பேர் கொண்ட குழுவுக்கு மக்கள் பணத்தில் அரங்கம் எதற்கு என்று ஒரு கவுன்சிலர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். கொங்குப் பகுதியில் வள்ளி கும்மிக்கு இன்று கூடும் கூட்டத்தைப் பாருங்கள். ஒரே அரங்கேற்றத்தில் நூற்றுக்கணக்கானோர் ஆடுகிறார்கள், அவர்களில் எல்லா வார்டுக்காரர்களும் இருக்கிறார்கள். வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு அந்தக் கலைக்கு அலுவலகங்களிலும் ஒரு மதிப்பு வந்திருக்கிறது. ஆனால் கும்மிக்கு மேடை உதவாது. வட்டமாக ஆட மண்தரைதான் வேண்டும். ஆகவே அரங்கத்தின் முன்னால் திறந்த களம் ஒன்றை வரைபடத்தில் விட்டுவிட்டு, அவர்களையும் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒயிலாட்டக்காரர், கூத்துக் குழுவினர், ஆண்டு விழாவுக்கு இடமின்றித் தவிக்கும் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் என்று கூட்டினால், கூட்டாளிகளின் பட்டியல் தானாக நீளும். நாங்கள் இதைச் செய்யாததற்குக் காரணம், உண்மையைச் சொன்னால், எங்களுக்கு இருந்த நாடக மேட்டிமை.

நமக்குத் தெரிந்த ஒப்பந்ததாரர்

1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது, அவரை மறந்துவிடுங்கள்.

பழைய மதிப்பீட்டை வைத்து வசூல் செய்வது

உள்ளாட்சிக் கட்டுமானப் பணிகளுக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தது. பழைய மதிப்பீட்டைக் காட்டி ஊரில் வசூல் செய்து முடித்தவர்கள், மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தே உயர்ந்ததைக் கண்டு மறுபடியும் உண்டியலோடு கிளம்ப வேண்டியதாயிற்று. முதல் முறை கொடுத்தவர் இரண்டாம் முறை கதவைத் திறக்கும்போது அவர் முகம் வேறு மாதிரி இருக்கும்.

சங்கப் பதிவு

1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்தால் மட்டும் போதாது, ஆண்டுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் தாக்கல் செய்யுங்கள்.

நடத்தும் செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

கட்டடத்துக்குப் பணம் தர நான்கு வழிகள் உண்டு. கட்டிய பின் விளக்கெரிக்க ஒரு வழியும் இல்லை. காவலாளி, துப்புரவு, மின்கட்டணம், பழுதுபார்ப்பு ஆகிய நான்கையும் மாதக் கணக்காக எழுதி, எதை நகராட்சி ஏற்கும், எதைச் சங்கம் ஏற்கும் என்று பிரித்துத் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். நுழைவுச்சீட்டு வருமானத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். ஆளுக்கு 500 ரூபாய் வரையிலான நாடகச் சீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது ஆறுதல்தான் என்றாலும், எங்கள் பக்கத்தில் நூறு ரூபாய்ச் சீட்டை விற்பதற்கே நாம் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கிறது.

அந்த இளைஞர்கள் இப்போது மூன்றாம் பத்தியைத் திருத்திவிட்டார்கள். வரைபடத்தையும் ஒரு பொறியாளரிடம் கொடுத்து மேடையை இருபத்திரண்டு அடியாக்கியிருக்கிறார்கள். மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற பத்தி மட்டும் வெறுமையாக இருந்தது. அதை எழுதிக்கொண்டு வந்தால்தான் நகர்மன்றத் தலைவரைப் பார்க்க நானும் உடன் வருவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.